யுகுலேலேக்கு மரத்திலேயே பைண்டிங்: பட்டையை வளைப்பது எப்படி?

நாலு தந்திச் சின்ன கிடாரான யுகுலேலேயின் மேற்பலகையும் பக்கப்பலகையும் சேரும் ஓரம் ரொம்ப மென்மையான இடம். மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம் என்றால் ஒரு தட்டு பட்டாலே நசுங்கும். அதோடு பலகையின் வெட்டுமுகம் வெளியே தெரிவதால் காற்றின் ஈரத்தை அது வழியாக உறிஞ்சும். இந்த ஓரத்தை மூடும் மெல்லிய பட்டைதான் பைண்டிங். பிளாஸ்டிக்கில் போடுவது சுலபம், ஆனால் வருடங்கள் போகப் போக அது சுருங்கி, உடலின் நடுவே ஒடுங்கும் இடுப்பு வளைவில் பிரிந்து நிற்கும். மரத்தில் அந்தத் தொல்லை இல்லை. சிரமம் எல்லாம் வளைப்பதில்தான்.

கிடாரின் வளைவை விட யுகுலேலேயின் இடுப்பு வளைவு மிகவும் இறுக்கமானது. சூடேறிய மரத்தை அழுத்திச் சுருக்குவது எளிது, இழுத்து நீட்டுவது கடினம். நீட்சி 1 முதல் 2 சதவீதம் தாண்டினால் வெளிப்பக்க நார் அறுந்துவிடும். பட்டையின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வெளிமுகம் எவ்வளவு நீள வேண்டும் என்று தெரிந்துவிடும். 40 மி.மீ. ஆரத்துக்கு 2 மி.மீ. தடிமன் என்றால் 2.5 சதவீதம்: உடைய வாய்ப்பு அதிகம். அதையே 1.5 மி.மீ. ஆக்கினால் 1.9 சதவீதம். அரை மில்லிமீட்டரில் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், தடிமனை வெர்னியரில் நாலைந்து இடத்தில் அளந்து பார்த்துவிடுங்கள். ஓர் இடம் மெலிந்திருந்தால் வளைவு முழுவதும் அங்கேயே மடங்கும்.

6 மி.மீ. அகலத்தில் ஒற்றைப் பட்டையாக அறுத்து வளைத்தால் அது வளைக்கும் குழாயின் (சூடேற்றிய உலோகக் குழாய்) மேல் முறுக்கிக்கொண்டு புரளும். அதனால் 30 மி.மீ. அகலத் தகடாகவே வளைத்துவிட்டு, காய்ந்த பிறகு நாலாகக் கீறிக்கொள்வது நல்லது. தலைகீழாகத் திருப்பினால் இடப்பக்கப் பட்டையே வலப்பக்கத்துக்கும் பொருந்தும் என்பதால், மேலும் கீழும் சுற்றிவர ஒரு தகடு போதும். இருந்தாலும் இரண்டாக வளைத்து வையுங்கள், ஒன்று கையிருப்பு. நீளத்துக்கு, உடலின் பாதிச் சுற்றை நூலால் அளந்து 40 மி.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேகை முனையிலிருந்து முனை வரை நேராக ஓடும் தகடாகப் பார்த்து எடுங்கள். ரேகை ஓரத்தை நோக்கிச் சாய்ந்து வெளியேறும் இடத்தில்தான் பிளவு தொடங்கும். ஈட்டி மரம் வளைப்பதற்குப் பணிவானது, கற்றுக்கொள்ள அதுதான் நல்லது. கருங்காலி சட்டென்று முறியும். அலை அலையாக ரேகை ஓடும் மேப்பிள் மரமும் கோவா (koa) மரமும் பார்க்க அழகு. ஆனால் நார் குட்டை குட்டையாக வெட்டுப்பட்டிருப்பதால் இடுப்பில் செதில் செதிலாகப் பெயரும்.

இனி சூடு. பட்டையை மணிக்கணக்கில் ஊற வைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு, அது தேவையே இல்லை. மரத்தை இளக்குவது வெப்பம். தண்ணீரின் வேலை அந்த வெப்பத்தை உள்ளே கொண்டுபோவதும் கருகாமல் காப்பதும் மட்டுமே. அதிகம் ஊறினால் தகடு குறுக்கே குவியும், அலை ரேகை மரம் இன்னும் சுலபமாகப் பிளக்கும். இருபக்கமும் ஒரு முறை தெளித்தால் போதும். வளைக்கும் குழாயின் ஆரம் இடுப்பு ஆரத்தை விடச் சிறியதாக இருக்க வேண்டும். அதன் மேல் ஒரு சொட்டு விடுங்கள்: சீறி உடனே ஆவியானால் சூடு சரி, உருண்டு துள்ளி ஓடினால் அதிகம்.

முதலில் இடுப்பு. தகட்டின் வெளிப்பக்கம், அதாவது குழாயைத் தொடாத பக்கம், மெல்லிய ஸ்பிரிங் எஃகுத் தகட்டை வைத்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்துக் குழாயில் அழுத்துங்கள். நீள வேண்டிய நாரை எஃகு தாங்கிக்கொள்ளும். சில நொடிகள் மரம் விறைப்பாக எதிர்க்கும். பிறகு ஆவி அடங்கும் நேரத்தில், கையின் அழுத்தத்தைக் கூட்டாமலே, ஊறிய பிரம்பு போல மெல்ல இறங்கும். அந்த இளக்கம் கைக்குத் தெரிவதற்கு முன் தள்ளினால் உடையும். ஒரே இடத்தில் நிறுத்தாமல் தகட்டை முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் முனை முனையாக மடியும். வேண்டிய வளைவை விடச் சற்றுக் கூடுதலாகவே வளையுங்கள், ஆறியதும் கொஞ்சம் திரும்பும். கீழ் வளைவும் மேல் வளைவும் அதன் பிறகு தானாக வரும். உடல் செய்த அச்சிலேயே கிளாம்ப் போட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

பட்டை உட்காரும் பள்ளத்தை ஓரத்தில் வெட்டும் முன், ஸ்ப்ரூஸ் மேல் ஒரு கை ஷெல்லாக் (அரக்கு மெருகு) பூசிவிடுங்கள். பட்டை 1.5 மி.மீ. என்றால் பள்ளம் 1.4 மி.மீ. ஆழம், பட்டை ஒரு துளி வெளியே நிற்கட்டும், பிறகு சுரண்டிக்கொள்ளலாம். பக்கப்பலகையே 1.6 மி.மீ.தான் என்பதால், உள்ளே மூட்டு நெடுக ஒட்டிய லைனிங் கட்டை 5 மி.மீ. தடிமனாவது இருக்க வேண்டும். பள்ளம் வெட்டும் சுழல் கருவியான ரௌட்டரை அகலமான வளைவின் உச்சியில் தொடங்கி இடுப்பை நோக்கியும், பிறகு உச்சியிலிருந்து முனைகளை நோக்கியும் ஓட்டுங்கள். எதிர்த் திசையில் ஓட்டினால் ரேகை பெயர்ந்து கீற்றாக வந்துவிடும்.

பசை இல்லாமல் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். விரல் நுனியால் தள்ளினாலே பட்டை பள்ளத்தில் உட்கார வேண்டும். டேப் இழுத்துச் சரியாகிவிடும் என்று விட்ட இடைவெளி இடுப்பில் அப்படியே நிற்கும்: குழிந்த வளைவில் டேப் உள்நோக்கி இழுக்காது, குறுக்கே பாலம்தான் போடும். மறுபடி குழாயில் காட்டித் திருத்துங்கள். ஒட்டும்போது வால்முனை மூட்டில் தொடங்கி, 20 மி.மீ.க்கு ஒரு டேப் என்று முன்னேறுங்கள். இடுப்பில் மட்டும் வளைவுக்கேற்ற ஒரு மரக்கட்டையை வைத்துக் கயிறு சுற்றி இறுக்குங்கள். மறுமுனை மூட்டு கழுத்தின் அடியில் மறைந்துவிடும், அதற்காக மெனக்கெட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பட்டை போதும். மரப்பசை சில நிமிடங்களிலேயே பிடிக்கத் தொடங்கிவிடும். கருங்காலியும் ஈட்டியும் எண்ணெய்ப்பசை உள்ளவை, ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள்.

ஒரு நாள் கழித்து ஸ்க்ரேப்பரால் சுரண்டுங்கள். உப்புத்தாள் வேண்டாம், ஈட்டியின் கருஞ்சிவப்புத் தூளை அது வெள்ளை ஸ்ப்ரூஸின் நாருக்குள் தேய்த்து ஏற்றிவிடும். விழுந்த தூளையும் ஸ்பிரிட் துணியால் துடைக்காமல், பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.