மூன்றாவது கையொப்பம்

எங்கள் சங்கத்தின் யாப்பில், அதாவது விதிக்கோவையில், நிர்வாக சபைக்கு ஒன்பது பேர் என்று இருக்கிறது. கூட்ட நிறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டியவர்கள், ஐந்து. சென்ற வருடம் தை மாதம் விரல் விட்டு எண்ணியபோது நான்கு பேர்தான் மிஞ்சியிருந்தோம். இருவர் கனடாவில், அதில் ஒருவர் பொருளாளர். ஒருவர் மட்டக்களப்புக்கு இடமாற்றம் பெற்றுப் போனார். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் நலமாக, திருகோணமலை நகரிலேயே, எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வசிக்கிறார். அவர் கூட்டத்துக்கு வந்து மூன்று வருடமாகிறது.

ஆழிப்பேரலைக்குப் பின் 2005இல் தொடங்கிய சிறிய சங்கம் இது. சல்லி, சாம்பல்தீவுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, மூதூர்ப் பக்கத்துப் பெண்களுக்குச் சேமிப்புக் குழுக்கள், அவ்வளவுதான் எங்கள் வேலை. நான் செயலாளர். சபை தேய்ந்துபோனது எனக்குத் தெரியாமல் இல்லை. பொருளாளர் விமானம் ஏறுமுன் ஒரு கட்டு வெற்றுக் காசோலைகளில் கையொப்பம் வைத்துவிட்டுப் போயிருந்தார். அது தவறு என்று தெரிந்துகொண்டேதான் ஒவ்வொன்றாகக் கிழித்தோம். கடைசித் தாள் தீர்ந்த அன்றுதான் எனக்கு ஞானம் வந்தது. புதிய கையொப்பதாரரைச் சேர்க்க வேண்டுமென்றால் பொதுச்சபைக் கூட்டத் தீர்மானம் வேண்டும் என்றது வங்கி. தீர்மானம் எடுக்க ஆட்கள் வேண்டும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். பெரிய பெயர்களைத் தேடிப் போனோம். இளைப்பாறிய அதிபர் ஒருவர், வைத்தியர் ஒருவர், கடை முதலாளி ஒருவர். தேநீர் ஆறுவதற்குள் மூவரும் சம்மதித்துவிட்டார்கள். அவ்வளவு சுலபமாகக் கிடைத்த சம்மதம் எனக்கு அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அதிபர் சேர்தான் கடைசியில் நேர்மையாகச் சொன்னார்: "பிள்ளை, என்னைப் போஷகர் என்று போட்டுவிடுங்கள். கூட்டமெல்லாம் எனக்கு ஒத்துவராது." அழைப்பிதழில் பெயர் வருவதற்கும் கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதற்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தே போஷகர் என்ற பதவியை நம்மவர்கள் கண்டுபிடித்திருக்க வேண்டும். இப்போது எங்களுக்கு மூன்று போஷகர்கள்.

அதன்பிறகு ஒரு தாளை எடுத்து, ஆட்களின் பெயரை எழுதாமல், சபையில் இல்லாததை எழுதினோம். கணக்குத் தெரிந்தவர் இல்லை. கொழும்பிலிருந்து வரும் சிங்களக் கடிதத்துக்குப் பதில் எழுத யாரும் இல்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று இனத்தவரும் கணிசமாக வாழும் மாவட்டத்தில் நாங்கள் நால்வரும் தமிழர், நால்வரும் நகரத்தார். நாங்கள் உதவுவதாகச் சொல்லிக்கொள்ளும் மூதூர்ப் பெண்களில் ஒருவர்கூட மேசையில் இல்லை. எழுதி முடித்ததும் தலைவர் தாளைத் திருப்பி வைத்தார்.

கணக்குக்கு, வங்கியில் வேலை பார்த்து இளைப்பாறிய ஒருவரைக் கேட்டோம். அவர் சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மூன்று வருடக் கணக்குகளைக் கொண்டுவாருங்கள் என்றார். ஒரு வாரம் கழித்து இருபத்து மூன்று கேள்விகள் எழுதிய தாளொன்றைத் தந்து, "இவற்றுக்குப் பதில் கிடைத்தால் வருகிறேன்" என்றார். தலைவருக்குக் கோபம். "உதவிக்குக் கூப்பிட்டால் விசாரணை வைக்கிறாரா?" எனக்கும் முகம் சுண்டிப்போனது. எட்டாம் கேள்வி அந்த வெற்றுக் காசோலைகளைப் பற்றியது. பதில் எழுதி முடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. நான்கு பற்றுச்சீட்டுகள் கடைசிவரை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்றே எழுதிக் கொடுத்தோம். அதைப் படித்துவிட்டுத்தான் "சரி" என்றார்.

மூதூரில் சேமிப்புக் குழுத் தலைவி ஒருவரிடம் கேட்டபோது அவர் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி: "அங்கே எனக்கு என்ன வேலை அக்கா, தேநீர் ஊற்றவா?" கடன் கொடுக்கும் விதிகளை முடிவு செய்கிற வேலை என்றேன். அப்படியானால் வருகிறேன், ஆனால் பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்க வேண்டும், பஸ் காசும் தர வேண்டும் என்றார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் பாதைப் படகுக்காகக் காத்து நிற்கத் தேவையில்லை என்றாலும் அது நீண்ட பயணம்தான். நாங்களோ பதினைந்து வருடமாக மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைத்துக்கொண்டு, மூதூரிலிருந்து யாரும் வருவதில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தோம்.

நாள் குறிப்பதே தனிக் கதை. வெள்ளி என்றால் ஜும்ஆ. ஞாயிறு என்றால் தேவாலயம், அறநெறிப் பாடசாலை. சனி என்றால் பிள்ளைகளின் தனியார் வகுப்பு. கடைசியில் போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறை நாள், என்று முடிவாயிற்று. பாடசாலையும் இல்லை, கந்தோரும் இல்லை. பௌர்ணமிப் பூசைக்குப் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போக வேண்டும் என்று தலைவர் முணுமுணுத்தார். விடியற்காலையில் போய் வாருங்கள் என்றோம்.

சிங்களம் எழுதக்கூடியவராகக் கந்தளாயைச் சேர்ந்த இளம் சட்டத்தரணி ஒருவர் கிடைத்தார். தாய்மொழி சிங்களம், தமிழ் தடங்கலின்றிப் பேசுவார். முன்னரே பட்ட பாட்டால், இம்முறை சம்மதம் கேட்கவில்லை. இரண்டு கூட்டங்களுக்கு விருந்தாளியாக வந்து இருங்கள், பிடித்தால் சொல்லுங்கள் என்றோம். இரண்டாவது கூட்டத்தில் அவர் யாப்பைப் புரட்டிவிட்டு, பதவிக்காலம் எங்கே என்று கேட்டார். எங்கும் இல்லை. இத்தனை வருடம் ஏன் தேர்தலே நடக்கவில்லை என்பது அன்றுதான் எல்லோருக்கும் விளங்கியது. "சங்கம் கடன்பட்டால் நான் கட்ட வேண்டுமா?" என்றும் கேட்டார். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின்கீழ் உத்தரவாத அடிப்படையில் பதிந்த நிறுவனமென்றால் உறுப்பினரின் பொறுப்புக்கு ஓர் எல்லை உண்டு, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்படி தொண்டர் அமைப்பாகப் பதிந்திருப்பது மட்டும் அந்தப் பாதுகாப்பைத் தராது என்று அவரே விளக்கினார். ஆகவே, சபையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் எவரும் சங்கத்தின் பெயரில் கடன்படக் கூடாது என்று ஒரு விதி சேர்த்த பிறகே சம்மதித்தார்.

கிடைக்காமல் போனவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாலை வகுப்பில் படிப்பிக்கும் ரீச்சர். சபைக்கு வர ஆசையாகத்தான் இருந்தார். புதிய நிர்வாகிகளின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கத்தைப் பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று படிவத்தை நீட்டியதும் பேனாவை மூடிவிட்டார். "பட்டியலில் பெயர் போடுவது எனக்குப் பயம் தங்கச்சி. என் வயதுக்காரருக்குத்தான் அது தெரியும்." நான் வற்புறுத்தவில்லை. எங்கள் வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது. அவர் இன்றும் வாரத்தில் மூன்று நாள் வந்து படிப்பிக்கிறார்.

இரண்டு தெரு தள்ளி இருப்பவரையும் பார்க்கப் போனோம். அறிவிக்காமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவர் பதவி இழப்பார் என்று யாப்பில் இருக்கிறது. அதை ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது எப்படி என்று யாப்பில் இல்லை. தலைவர் வானிலை பற்றிப் பேசினார், பிறகு மீன் விலை பற்றிப் பேசினார். விலகல் கடிதம் கேட்டது நான்தான். எழுதிக் கொடுத்தார். தேநீர் வரவில்லை. இப்போது கடைத்தெருவில் கண்டால் அவர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

ஆவணிப் போயாவில் பொதுச்சபைக் கூட்டம் நடந்தது. பழையவர் நால்வர், புதியவர் மூவர், இரண்டு இடம் காலி. நிரப்பியே ஆக வேண்டும் என்று ஒருவர் தம் மைத்துனரின் பெயரைச் சொன்னார். காலியாகவே இருக்கட்டும் என்று முதலில் சொன்னது மூதூர்த் தங்கைதான்.

வங்கி வேலை முடிய இன்னும் ஐந்து வாரம் எடுத்தது. முதல் காசோலையைப் புதிய பொருளாளர் வீட்டுக்குக் கொண்டுபோனேன், போட்டோப் பிரதிக் கடைக்கு 1,850 ரூபாய். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பற்றுச்சீட்டைப் பார்த்தார். திகதி போட்டிருக்கவில்லை. காசோலையையும் பற்றுச்சீட்டையும் ஊசியால் சேர்த்துக் குத்தி என் கையிலேயே திருப்பித் தந்தார். கடை எட்டு மணிவரை திறந்திருக்கும் என்றார்.