வழக்குப் போடவே முன் அனுமதி: மும்பையில் எங்கள் சங்கம் பெற்ற உத்தரவு

செம்பூரில் எங்கள் வீட்டுவசதிச் சங்கத்துக்கு நான் செயலாளராக வந்தபோது, கட்டடத்தின் தூண்களில் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்துகொண்டிருந்தது. இடித்துக் கட்டுவதென்று பொதுக்குழு முடிவெடுத்தது. ஓர் உறுப்பினருக்கு அதில் சம்மதமில்லை. எதிர்த்து வழக்குத் தொடுத்தார், அது அவருடைய உரிமை. தோற்றார். அதன் பிறகுதான் எங்கள் கஷ்டம் ஆரம்பித்தது.

அதே குறையை வேறு சொற்களில் எழுதிக் கூட்டுறவு நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, மாநகர உரிமையியல் நீதிமன்றத்தில் இன்னொன்று, மாஜிஸ்திரேட் முன்னால் மோசடிப் புகார். சங்கத்தின் மீது மட்டுமல்ல. கணக்குத் தணிக்கையாளர், தூண்களைச் சோதித்த பொறியாளர், கூட்டத் தீர்மானத்தில் கையெழுத்திட்ட முதல் மாடிப் பாட்டி என ஒவ்வொருவர் பெயரிலும். திருநெல்வேலியிலிருந்து இளம் வயதில் இங்கே வந்து, பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய பாட்டி அவர். சம்மன் வந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை உள்ளே போட்டுவிடுவார்களா தம்பி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் கையில் எடுத்தது கேவியட். எங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கொடுத்துவிடக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்கீழ் முன்கூட்டியே மனுச் செய்து வைப்பது. அதன் ஆயுள் 90 நாள்தான்; முடியும்போதெல்லாம் புதிதாகப் போட வேண்டும். அடுத்தது, அதே சட்டத்தின் ஆணை 7 விதி 11. வழக்கு மனுவில் வழக்குக்கான காரணமே இல்லையென்றால் அதைத் தொடக்கத்திலேயே நிராகரிக்கச் சொல்லும் விதி. பெங்களூரு வாடகைத் தகராறு ஒன்றிலிருந்து எழுந்த அறிவானந்தம் எதிர் சத்தியபால் வழக்கில், சாமர்த்தியமாக எழுதப்பட்ட பொய்க் காரணங்களை முதல் விசாரணையிலேயே கிள்ளியெறிய வேண்டும் என்று 1977-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாகச் சொன்னது இந்த விதியைப் பற்றித்தான்.

ஆனால் நடைமுறையில் அது எங்களுக்குப் பாதி தூரம்தான் உதவியது. இந்த விதியின்கீழ் நீதிபதி வாதியின் மனுவைத்தான் பார்ப்பார், எங்கள் பதிலைப் பார்க்க மாட்டார். ‘இது ஏற்கெனவே தீர்ந்த விஷயம்’ என்று காட்ட வேண்டுமானால் பழைய வழக்கின் மனு, பதில், தீர்ப்பு எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். பொதுவாக அதை விதி 11-ன்கீழ் முடிவு செய்ய இயலாது என்று உச்ச நீதிமன்றமே 2021-ல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே சில வழக்குகள் நிராகரிக்கப்பட்டன, சில வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நீண்டன. பொய் வழக்குக்கு இழப்பீடு என்று அதே சட்டத்தில் 35ஏ பிரிவு இருக்கிறது. அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். மும்பையில் ஒரு வாய்தாவுக்கு வழக்கறிஞர் வாங்கும் தொகையை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகையின் நிலை புரியும்.

வழக்கமாகத் தொல்லை வழக்குப் போடுகிறவர் முன் அனுமதி பெற்றுத்தான் புதிய வழக்குப் போட வேண்டும் என்று உத்தரவிட வழிசெய்யும் 1971-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று மராட்டிய மாநிலத்தில் இருப்பதை எங்கள் வழக்கறிஞர் அம்மையார்தான் சொன்னார். நம் சென்னை மாகாணத்தில் 1949-லேயே இப்படியொரு சட்டம் வந்துவிட்டது, அது செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 1965-ல் ஏற்றுக்கொண்டது. நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வேண்டுமென்று சட்ட ஆணையம் 2005-ல் தன் 192-வது அறிக்கையில் பரிந்துரைத்தும் அது இன்னும் வரவில்லை. பல மாநிலங்களில் எங்களைப் போன்றவர்களுக்கு இந்த வழியே கிடையாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

இந்தச் சட்டத்தின்கீழ் பாதிக்கப்பட்டவர் நேரடியாக உயர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல்தான் மனுச் செய்ய வேண்டும். அவரை நாங்கள் நம்பவைத்தாக வேண்டும். ஒருவர் வழக்கமாகவே, நியாயமான காரணமின்றி, தொல்லை தரும் வழக்குகளைப் போடுகிறார் என்று காட்ட வேண்டும். ஒரு வழக்கில் தோற்றதோ, ஆத்திரக்காரர் என்பதோ போதாது.

எங்கள் உழைப்பெல்லாம் இங்கேதான் போயிற்று. ஒவ்வொரு நீதிபதியின் மேசையிலும் ஒரே ஒரு கட்டுதான் இருக்கும். அதைத் தனியாகப் படித்தால் யாருக்கும் அந்த உறுப்பினர் மீது இரக்கம்தான் வரும். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உண்மை தெரியும். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடினோம், சான்றிட்ட நகல்களை வாங்கினோம். யார் மீது வழக்கு, என்ன கேட்டார், எந்தச் சம்பவத்தின் பேரில், முடிவு என்ன, விதித்த செலவுத் தொகையைக் கட்டினாரா என்று அட்டவணை போட்டோம். ஒரே பத்தி வழக்குக்கு வழக்கு எழுத்து மாறாமல் திரும்ப வந்த இடங்களில் எல்லாம் கோடிட்டோம்.

சங்கக் கணக்கு நகல்களைக் கேட்டு அவர் ஒரு வழக்கில் வென்றிருந்தார். அதை அட்டவணையில் சேர்க்க வேண்டாம் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொன்னார்கள். “அதைத்தான் முதல் பக்கத்தில் போட வேண்டும். மறைத்தால் மற்றதையும் நம்ப மாட்டார்கள்” என்றார் வழக்கறிஞர். அப்படியே செய்தோம். இதே நிலையில் இருப்பவர்கள் யாராவது படித்தால், இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

அட்வகேட் ஜெனரல் மனுச் செய்த பின், உயர் நீதிமன்றத்தில் அந்த உறுப்பினர் தானே வாதாடினார். நீதிபதிகள் அவரை இடைமறிக்காமல் பேசவிட்டார்கள். அவர் தரப்பைக் கேட்காமல், அல்லது கேட்க வாய்ப்பளிக்காமல், உத்தரவிட இந்தச் சட்டத்தில் இடமில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். போக்கிடமில்லாத ஏழை தானே எழுதிக் கொண்டுவரும் மனுவும் முதல் பார்வையில் இவருடையதைப் போலத்தான் இருக்கும்.

உத்தரவு வந்தது. முன் அனுமதியின்றி அவர் எந்த நீதிமன்றத்திலும் புதிய வழக்குத் தொடுக்கக் கூடாது. தொடுத்தால் அது தள்ளுபடியாகும். மேலோட்டமாகப் பார்த்தாலே ஒரு நியாயம் தெரிந்தால்தான் அனுமதி கிடைக்கும். பாட்டியின் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னபோது, அவர் காகிதத்தை வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த உறுப்பினர் அனுமதி கேட்டு மனுச் செய்தார். மொட்டைமாடிக் குழாயிலிருந்து அவர் வீட்டுக்குள் தண்ணீர் இறங்கியது, சங்கம் கவனிக்கவில்லை என்பது புகார். அனுமதி கொடுத்தார்கள். புகார் உண்மை, நானே போய்ப் பார்த்தேன். வழக்கு விசாரணைக்கு வருமுன் குழாயை மாற்றி, ஊறிய சுவரைப் பூசிக் கொடுத்தோம்.