பரோக் இசையைக் கீழிருந்து கேளுங்கள்

ஐரோப்பாவின் பரோக் இசை (சுமார் 1600–1750) என்றாலே மேலே ஓடும் அலங்காரங்களைத்தான் பேசுவோம். காதைக் கீழே இறக்குங்கள். பேஸ் வரியை (அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வரங்களை) செல்லோ வாசிக்க, ஹார்ப்சிகார்ட் (பியானோ போன்ற பழைய விசைக் கருவி) கலைஞர் அதே வரியைப் பார்த்து அந்தக் கணத்திலேயே கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்களை) இட்டு நிரப்புவார். அவர் தாளில் பேஸ் ஸ்வரங்களும் சில எண்களும்தான். பேஸ் ஸ்வரத்தை ஒன்று என வைத்து மேலே எண்ணினால் எத்தனையாவது ஸ்வரம் என்பதை எண் சொல்லும்.

சி மேஜரில் (சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்ற ஏழு ஸ்வரங்கள்) ஈ-க்கு எண் இல்லையென்றால் ஈ, ஜி, பி. 6 இருந்தால் ஈ, ஜி, சி. ஜி-க்கு 4-3 என்றிருந்தால் முதலில் ஜி, சி, டி. பிறகு சி மட்டும் பி-க்கு இறங்கும். அந்த உரசலில்தான் ருசி! ஆனால் அந்த சி முந்தைய கார்டிலேயே ஒலித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிசகியதுபோல உறுத்தும்.

புதியவர்கள் சறுக்குவது அடர்த்தியில். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டால் பாடகர் மூழ்கிவிடுவார். ஹார்ப்சிகார்டில் விரலை அழுத்தினாலும் சத்தம் அதிகமாகாது. ஸ்வரங்களைக் கூட்டிக் குறைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.