எந்த மூன்று?

பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினிப் பலகையோடு சில வருடம் குப்பை கொட்டியதில் ஒரு கணக்கு எனக்கு மனப்பாடம். மென்பொருள் ஏற்றி இறக்கும் கம்பிகளுக்கு ஜிபிஐஓ என்று பெயர், சிப் அவற்றை 32 கம்பிகள் கொண்ட பேங்குகளாகப் பிரித்திருக்கும். பேங்க் எண்ணை 32ஆல் பெருக்கு, அதோடு பேங்குக்குள் கம்பியின் எண்ணைக் கூட்டு. சர்க்யூட் படத்தில் பி9 கனெக்டரின் 12ஆம் பின் என்றிருப்பது சிப் கையேட்டில் ஜிபிஐஓ1_28, அதாவது 1ஆம் பேங்கின் 28. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்கு அன்றைக்கு அது 60. ஒரே கம்பிக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர்.

அப்புறம் ஐ.எம்.எக்ஸ்6 சிப் வைத்த ஒரு பலகை வந்தது. தொடுதிரைக்கு டிரைவர், அதாவது அதைக் கர்னலோடு பேசவைக்கும் மென்பொருள், எழுத வேண்டும்; திரையை மறுபடி தொடங்கவைக்கும் ரீசெட் கம்பி ஜிபிஐஓ3_05. மூன்று முப்பத்திரண்டு தொண்ணூற்றாறு, ஐந்தைக் கூட்டினால் 101. எழுதிவிட்டேன்.

டிரைவரை ஏற்றினால் தொடுதிரையிடமிருந்து பதிலே இல்லை. கூடவே திரை ஒரு கணம் இருண்டு திரும்ப வந்தது. கேபிளை மாற்றினேன், பலகையை மாற்றினேன், கடைசியில் ஹார்ட்வேர்காரர்மேல் சந்தேகப்பட்டேன் (எங்கள் வேலையில் இதுதான் வழக்கம்). எந்தக் கம்பி யாரிடம் என்று காட்டும் கர்னலின் டீபக் கோப்பையும் திறந்து பார்த்தேன். ‘ஜிபிஐஓசிப்3’ என்ற தலைப்பின் கீழ் 101, பக்கத்திலேயே என் டிரைவரின் பெயர். மூன்றுதானே வேண்டும், மூன்றுதானே இருக்கிறது என்று மூடிவிட்டேன். அதே தலைப்பு வரியில் 20ஏ8000 என்று முகவரியும் இருந்தது. அதை யார் படிக்கிறார்கள்!

ஹார்ட்வேர் அண்ணன் வந்து, மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் புரோபை ரீசெட் கம்பியில் வைத்தார். “தம்பி, இது அசையவே இல்லையே.”

அந்த முகவரி நான்காம் பேங்கினுடையது. ஐ.எம்.எக்ஸ் கையேடு பேங்குகளை 1இலிருந்து எண்ணும், கர்னல் 0இலிருந்து. எனக்கு வேண்டியிருந்தது 69. நான் ஆட்டிக்கொண்டிருந்ததோ ஜிபிஐஓ4_05, எங்கள் பலகையில் திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டின் சுவிட்ச். வேறு டிரைவர் அதைப் பிடித்து வைத்திருந்தால் எனக்குத் தர முடியாதென்று கர்னல் மறுத்திருக்கும். பேக்லைட்டை, கர்னலுக்கு முன்பே ஓடும் பூட்லோடர் போட்டுவிட்டுப் போய்விட்டதால் கேட்பாரில்லை. இதில் இன்னொரு கூத்து, அந்தச் சிப்பில் இந்தப் பின்னுக்கு வைத்திருக்கும் பெயர் ஜிபிஐஓ_19!

இப்போதெல்லாம், பலகையில் எது எங்கே என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ‘ஜிபிஐஓ3, 5, ஆக்டிவ் லோ’ என்று எழுதினால் போதும் (ஆக்டிவ் லோ என்றால் 0 வோல்ட்தான் ‘ஆன்’). டிரைவர் ‘ரீசெட்’ என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளும், பெருக்கல் இல்லை. ஆக்டிவ் லோ என்று எழுதியதை மறந்து டிரைவரில் 1 போட்டு, கம்பியில் ஏன் 0 வோல்ட் என்று ஒரு மாலை முழுக்க முழித்தது தனிக்கதை.

சமீபத்தில் ஜூனியர் பெண் ஒருத்தி வந்தாள். ராஸ்பெர்ரி பை 4 பலகையில் 17ஆம் ஜிபிஐஓ வழியாக எல்இடி விளக்கை எரியவைக்கும் பழைய ஸ்கிரிப்ட், கர்னலை 6.6க்கு மாற்றியதும் ஓடவில்லையாம். கோப்பில் எண்ணை எழுதிக் கம்பியைக் கேட்கும் பழைய சிஸ்எஃப்எஸ் வழி. அங்கே எண்கள் இப்போது 512இலிருந்து தொடங்குகின்றன.

“529 போட்டுப் பாரும்மா.”

எல்இடி எரிந்தது. கனெக்டரில் வயர் செருகியிருந்த இடத்தை விரலால் எண்ணிப் பார்த்தாள். 11ஆம் பின்.

“அப்போ 17 எங்கண்ணா இருக்கு?” என்றாள்.