சிகின் ஏந்திய கிண்ணம்

நேற்று இரவு 'தோர்: ரக்னரோக்' படத்தை மறுபடி பார்த்தேன். அதில் ஹெலா, தோரின் அப்பாவும் தேவர்களின் அரசனுமான ஓடினின் மகள். வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் புராணத்தில் அவள் சூழ்ச்சிக்காரன் லோகி பெற்ற பெண். லோகியும் தோருக்குத் தம்பி முறை கிடையாது. ஓடினோடு ரத்தம் கலந்து சகோதரனானவன். தோருக்குச் செந்தாடி. 1962-இல் மார்வெல் காமிக்ஸ்தான் அவனை மழமழவென்று மழித்துப் பொன்முடிக்காரன் ஆக்கியது. சரி, கைமாறும்போது கதை மாறத்தான் செய்யும்.

ஆனால் சிகினை விட்டுவிட்டார்களே! லோகியின் மனைவி. ஓடினின் மகன் பால்டரின் சாவுக்குக் காரணமான லோகியை, அவன் மகனின் குடலாலேயே பாறையில் கட்டிவிடுகிறார்கள் தேவர்கள். மேலே ஒரு பாம்பு, முகத்தில் விஷம் சொட்டச் சொட்ட. பக்கத்தில் கிண்ணத்தை ஏந்தியபடி சிகின். நிறைந்ததைக் கொட்ட அவள் திரும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தில் விஷம் முகத்தில் விழும். அவன் துடிப்பான். அதுதான் நிலநடுக்கம் என்கிறது இந்தக் கதைகளைச் சொல்லும் 13-ஆம் நூற்றாண்டு நூலான 'எட்டா'.

அப்புறம் தூக்கம் வரவில்லை. இங்கிலாந்தின் கோஸ்ஃபோர்த் தேவாலய வளாகத்தில் நிற்கும் 10-ஆம் நூற்றாண்டுக் கல்சிலுவையின் படத்தைத் தேடி எடுத்தேன். கட்டுண்டு கிடக்கும் லோகி, அவனருகே சிகின். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கிண்ணம் இன்னும் தெரிகிறது.