புல்தரை இருந்த இடத்தில் பொடுதலை

தாம்பரத்தை அடுத்த எங்கள் வீட்டின் முன்புறம் 30 அடி நீளமும் 18 அடி அகலமும் கொண்ட மண்தரை இருக்கிறது. 2019 வரை அதில் பாதி இடத்தில் புல்தரையும் மீதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொட்டிகளும் இருந்தன. அம்மாவுக்கு மூட்டுவலி வந்து குனிந்து நிமிர முடியாமல் போனதும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலையில் அலுவலகம் கிளம்பும் முன் ஒரு மணி நேரம், கோடையானால் மாலையில் இன்னொரு அரை மணி நேரம் அதற்கே போயிற்று. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காகத் தெருவில் குடங்கள் வரிசை கட்டி நின்றபோது, புல்லுக்குக் குழாயைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. சில வாரங்களில் அது வைக்கோலாகிவிட்டது.

சிமெண்டுத் தளம் போட்டுவிட்டால் கூட்டிப் பெருக்குவதோடு வேலை முடிந்துவிடும் என்று உறவினர்கள் பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பகலெல்லாம் வெயிலை வாங்கிய தளம் இரவு வரை அந்த வெப்பத்தை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் மேல் விழும் மழையும் தெருவுக்குத்தான் ஓடும். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆக்கப்பட்டபோது நாங்களும் மொட்டைமாடி நீரைக் குழிக்குள் இறக்கினோம். ஆனால் வீட்டைச் சுற்றியிருக்கும் வெற்று மண்ணைவிடப் பெரிய சேகரிப்புக் குழி வேறு இல்லை என்பதே என் எண்ணம். நெகிழிப் புல் விரிப்பையும் அதே காரணத்துக்காகத்தான் மறுத்தேன்.

காய்ந்த தரையில் பச்சையாக நின்றது கோரை ஒன்றுதான். புல்தரை அமைத்துக் கொடுத்தவர் கொண்டுவந்து பதித்த புல்லோடு சேர்ந்தே அது வந்திருக்க வேண்டும். கோரையைக் கையால் இழுத்தால் தாள் மட்டுமே வரும். நூல் போன்ற வேர்களில் கோத்த மணிகளாகக் கிழங்குகள் அடியில் தங்கிவிட, சில நாட்களிலேயே மறுபடியும் முளைக்கும். சாக்கு விரித்து மூடிப் பார்த்தேன். ஊசி முனையாக அதையும் துளைத்துக்கொண்டு வந்தது. பிறகு நல்ல மழை ஒன்று பெய்து மண் இளகியதும் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டினேன். அம்மா முக்காலியில் அமர்ந்து, கட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்து, கருத்த கிழங்குகளைப் பொறுக்கி வாளியில் போட்டார். ஒன்றை நசுக்கி என் மூக்கருகே நீட்டினார். கற்பூரத்தை நினைவூட்டும் மணம். அவற்றை உரக்குழியில் போடாமல் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தோம், இல்லையென்றால் அங்கேயே முளைத்துவிடும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே ஆயின. தோட்டத்தில் பிற்பாடு குறைந்த வேலையில் பெரும்பகுதி இந்த நான்கு நாட்களால்தான் குறைந்தது.

புல்லுக்கு மாற்றாக நான் தேர்ந்தெடுத்தது பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சவும் துவையல் அரைக்கவும் மட்டுமே நாங்கள் அறிந்திருந்த கொடி அது. ஏரிக்கரையில் தானாகப் படர்ந்து கிடந்ததைக் கணுக்களோடு வெட்டிவந்து, அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் ஒரு சாண் இடைவெளியில் நட்டேன். மழை முடிவதற்குள் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பொங்கலுக்குள் தரையை மூடிவிட்டது. ஊதா நிற நடுப்பகுதியைச் சுற்றி வெள்ளைப் பூக்கள் வளையமாக நிற்கும் அதன் பூங்கொத்து சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதைத் தேடி வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வெட்டினால் போதும். ஆனால் அது எல்லை அறியாத கொடி என்பதால், செடிப்பாத்திகளின் ஓரத்தில் செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து வைத்திருக்கிறேன்.

தொட்டிகளில் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் இருந்தவற்றை நிலத்துக்கு மாற்றினேன். தொட்டியின் சுவர் சூடேறி, சிறிதளவு மண் விரைவில் காய்ந்துவிடுவதால்தான் அன்றாடம் நீர் கேட்கிறது. மாவுப்பூச்சியோடு ஓயாமல் போராட வேண்டியிருந்த செம்பருத்திகளையும் ரோஜாக்களையும் விரும்பிக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மதில் ஓரத்தில் நந்தியாவட்டையும் இட்லிப்பூவும், வெயில் கொளுத்தும் மூலையில் காகிதப்பூவும், நிழலில் மருளும், வாசலருகே பவழமல்லியும் நிற்கின்றன. அரளி அழகாகவும் வறட்சி தாங்குவதாகவும் இருந்தாலும் அதன் எல்லாப் பகுதியும் நஞ்சு; தங்கையின் சிறுபிள்ளைகள் வந்துபோகும் வீடு என்பதால் அதை வைக்கவில்லை. நடைபாதைக்குச் சொரசொரப்பான கருங்கல் பலகைகளை மணல் மேல் பதித்தேன், செங்கல்லில் மழைக்காலப் பாசி பிடித்து அம்மாவின் கால் வழுக்கக்கூடும் என்பதால்.

முதல் கோடையில் மட்டும், மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுநீர்க் குழாயை வாரம் இருமுறை திறந்தேன். நாள்தோறும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் நீரைத் தேடிக் கீழே இறங்கும். செடிகளைச் சுற்றி, குழிவான பக்கம் மேலே பார்க்குமாறு தேங்காய் மட்டைகளைப் புதைத்து, அதன் மேல் மூன்று அங்குலத்துக்குக் காய்ந்த இலை மூடாக்கு போட்டிருக்கிறேன். தண்டை ஒட்டி இலை குவிந்தால் அழுகும், சுவரை ஒட்டிக் குவிந்தால் கறையான் ஏறும். இரண்டிலும் ஒரு சாண் விட்டிருக்கிறேன். மே மாத நடுப்பகலில் அந்த இலைகளை விலக்கினால் அடியில் மண் ஈரமாக இருக்கும், சில சமயம் ஒரு மண்புழுவும் நெளியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் தோட்டத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. மூடாக்கு மக்கித் தாழ்ந்துவிடுவதால் அதை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கோடைக்குச் சற்று முன்னால், மாசியிலும் பங்குனியிலும், எங்கள் தெருவின் வேப்பமரங்கள் இலை உதிர்க்கின்றன. முன்பெல்லாம் அவற்றைக் கூட்டிக் குவித்துத் தீவைப்பார்கள். இப்போது இலை உதிரும் நாட்களில் அம்மா காலையிலேயே வாசல் கேட்டருகே நாற்காலி போட்டு அமர்ந்து, துடைப்பச் சத்தம் கேட்டதும், எரிக்காமல் எங்களுக்குக் கொடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். சென்ற பங்குனியில் ஆறு சாக்கு சேர்ந்தது.