ஜூரோங் கிளைப்பாதை: லாரியிடம் தோற்ற ரயில்

சிங்கப்பூர் புக்கிட் தீமாவுக்குப் போகிற பெரும்பாலோர் இரும்புப் பாலத்தில் ஒரு செல்ஃபி, பழைய ஸ்டேஷனில் ஒரு காபியோடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டும் மலேசியாவுக்குப் போன பழைய ரயில் பாதையின் மிச்சங்கள். அங்கிருந்து மேற்கே பிரிந்த ஜூரோங் கிளைப்பாதைதான் பார்க்க வேண்டியது.

முதலில் வழி. கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ) நிலையத்தில் இறங்கினால் பாலம் நடக்கும் தூரம். ஸ்டேஷன் அதற்குத் தெற்கே. டாக்சி வெட்டிச் செலவு. மெட்ரோவிலும் பஸ்ஸிலும் இந்திய வங்கி அட்டையைத் தட்டிப் போனால் நாளுக்கு 60 சென்ட் தண்டம். உள்ளூர்ப் பயண அட்டையான ஈஸி லிங்க்கின் விலை 5 டாலர், திரும்ப வராது. ஒன்பது நாளுக்குக் குறைவாகத் தங்குகிறவர்களுக்கு வங்கி அட்டையே மேல்.

ஸ்டேஷன் 1932இல் கட்டியது, சின்னச் செங்கல் கட்டடம். ஒற்றைத் தடம் என்பதால் எதிரெதிர் வண்டிகள் இங்கேதான் விலகிக்கொள்ளும். நம் ஊரில் வளையத்தோடு டோக்கன் மாற்றுவார்களே, அதே முறை. கையில் டோக்கன் இல்லாமல் டிரைவர் வண்டியை நகர்த்தக் கூடாது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி வண்டியை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போனார்.

கிளைப்பாதைக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. ஜூரோங் தொழிற்பேட்டைக்காக 1960களின் நடுவில் போட்ட சரக்குத் தடம் இது. லாரி ஆலை வாசலில் ஏற்றி, மலேசியாவுக்குப் போகும் கடற்பாலம் தாண்டி, வாங்குகிறவர் வாசலிலேயே இறக்கும். ரயிலிலோ ஏற்று இறக்குக் கூலி இரண்டு முறை. போதாததற்கு ஒற்றைத் தடத்தில் எதிர்வண்டிக்காகக் காத்துக் கிடக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். பிரதான பாதையைக் கொன்றது சிங்கப்பூர்-மலேசிய அரசியல், இதைக் கொன்றது கணக்கு.

இப்போது தடம் கிளமென்டி காட்டுக்குள் கிடக்கிறது. சுமார் 85 ஹெக்டேர். 2020 கடைசியில் டிரோன் படங்களால் பிரபலமானது. மேட்டை வெட்டிப் பாதை போட்ட இடங்களில் வடிகால் தூர்ந்துவிட்டதால் மழைத் தண்ணீர் போக வழியில்லை. ஜல்லி மேல் சேறு, சேற்றுக்குள் உளுத்த கட்டை. செருப்போடு போனால் செருப்பு அங்கேயே தங்கிவிடும். பிடிப்புள்ள ஷூ, கிளமென்டி சாலைக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்கு டார்ச், கொசு மருந்து மூன்றும் கட்டாயம். மழை பெய்த மறுநாள் வேண்டாம். தடைப் பலகை வைத்திருந்தால் தாண்டாதீர்கள், பக்கத்தில் ராணுவ முகாம் இருக்கிறது.

சன்செட் வே பக்கம் கருப்பு இரும்புப் பாலம் தெரிந்தால் சரியான பாதையில்தான் இருக்கிறீர்கள். அடுத்தது உலு பாண்டான் ஆற்றுப் பாலம். அங்கிருந்து பஸ் பிடித்து கிளமென்டி உணவங்காடி. சேற்றுக் காலோடு ஏசி ஹோட்டலுக்குப் போவதைவிட இது பர்ஸுக்கும் நல்லது.